பழைய லேப்டாப், பழைய வைஃபை கார்டு, லினக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையோரத்தில் பழைய லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்தது ஒன்று, துபாயிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ சித்தப்பா கொண்டுவந்தது ஒன்று, ராமநாதபுரத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஒன்று. விண்டோஸின் பாரம் தாங்காமல் திணறும்போது லினக்ஸ் போடுகிறோம். மெஷின் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் வருவதில்லை. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. டெபியன், உபுண்டு, மின்ட் வகையறாவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எல்எஸ்பிசிஐ என்றால் ஐந்து எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. அனுமதி இல்லை என்று வந்தால் முன்னால் சூடோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் போட்டதும் வைஃபை அடையாளமே காணோம். கார்டு செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நேற்று வரை விண்டோஸில் ஓடிய கார்டு, லினக்ஸ் போட்டதற்காகச் சாகாது. வைஃபை வர மூன்று கூடிவர வேண்டும்: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அந்தக் கார்டுக்கான டிரைவர், கார்டின் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு, ரேடியோ அணைக்கப்படாமல் இருப்பது. இதில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்ய இரண்டு மூன்று வரி போதும். அதைப் பார்க்காமலே, எங்கோ கிடைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவதால்தான் சின்னக் கோளாறு பெரிய சிக்கலாகிறது.

என்ன கார்டு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லேப்டாப்பின் மாடல் பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு ஒரு கம்பெனி கார்டும் அடுத்த தொகுதிக்கு வேறு கம்பெனி கார்டும் போட்டு விற்பது சாதாரணம். கார்டின் அடையாள எண்தான் நம்பகமானது.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று தட்டுங்கள். நீளமாக வரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் 14இ4:4315 போல ஓர் எண் இருக்கும். முன்பாதி தயாரித்தவர், பின்பாதி மாடல். 8086 என்றால் இன்டெல், 14இ4 பிராட்காம், 168சி அத்ரோஸ், 10இசி ரியல்டெக், 1814 ராலிங்க். யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்றால் எல்எஸ்யூஎஸ்பி என்று தட்ட வேண்டும். அங்கே எண் மாறும்: ரியல்டெக் 0பிடிஏ, ராலிங்க் 148எஃப், அத்ரோஸ் 0சிஎஃப்3.

அந்த வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், டிரைவர் கார்டைப் பிடித்துவிட்டது. கோளாறு ஃபர்ம்வேரிலோ ரேடியோவிலோ இருக்கலாம். இல்லாவிட்டால், டிரைவர் இல்லை அல்லது யாரோ அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒன்றுதானே?

இல்லை. டிரைவர் கெர்னலின் ஒரு பகுதி. உங்கள் ப்ராசஸரில் ஓடும். ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள் இருக்கும் சின்னச் சில்லில் ஓடும் நிரல். பல கார்டுகளில் அதற்கென்று நிரந்தர நினைவகம் கிடையாது. ஆகவே ஒவ்வொரு தடவை மெஷின் ஆன் ஆகும்போதும் டிரைவர் அந்தக் கோப்பை வன்தட்டிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஏற்றுகிறது. கோப்பு இல்லையென்றால் டிரைவர் இருந்தும் பிரயோசனமில்லை.

சூடோ டிமெஸ்ஜி கட்டளையில் கெர்னலின் குறிப்பேடு வரும். அதில் ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு, எர்ரர் -2 என்ற மாதிரி வரி இருந்தால், கோப்பு அங்கே இல்லை என்று பொருள். -2 என்றாலே 'அப்படி ஒரு கோப்பு இல்லை'தான். பக்கத்திலேயே கோப்பின் பெயரும் இருக்கும்; அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்டெல் டிரைவர் முதலில் மிகப் புதிய பதிப்பைத் தேடும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படியாக இறங்கி வரும். அதனால் நாலைந்து ஃபெயில்டு வரிகள் வந்து, கடைசியில் 'லோடட் ஃபர்ம்வேர்' என்று முடிந்தால் ஒரு குறையும் இல்லை. முதல் வரியைப் பார்த்ததுமே பதறிப்போய்ப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய.

டெபியனில் ஃபர்ம்வேர் தொகுப்புகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் இருக்கும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும்போதே இதைச் சேர்த்துத் தருகிறார்கள். அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் திண்டாடுகிறார்கள்.

அரசு கொடுத்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருந்தது, அதில் வைஃபை வந்ததே?

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அந்த மெஷினுக்கென்று தயார்செய்த பதிவில் தேவையான டிரைவர் இருந்திருக்கும். நீங்கள் வன்தட்டைத் துடைத்தபோது அதுவும் போய்விட்டது.

இன்னும் துடைக்காதவர்களுக்கு: வைஃபை வேலை செய்யும் அந்தப் பழைய பாஸ் லினக்ஸிலேயே எல்எஸ்பிசிஐ -என்என்கே ஓட்டி, எண்ணையும் டிரைவர் பெயரையும் நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம் புதிய லினக்ஸைப் பென் டிரைவில் லைவாக, அதாவது நிறுவாமலேயே, ஓட்டிப் பாருங்கள். லைவில் வைஃபை வந்தால் நிறுவிய பிறகும் வரும்.

வீட்டில் கேபிள் இணைப்பு இல்லை. வைஃபை இல்லாமல் ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது?

போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட் அல்ல, அதற்கு வைஃபை வேண்டும். லினக்ஸுக்குப் போன் ஒரு கேபிள் நெட்வொர்க் போலவே தெரியும்; தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது. போனில் போடப்பட்டிருப்பது சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேரின் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

தனுஷ்கோடி, ராமேஸ்வரம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் டெதரிங் போடுமுன் போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அக்கரை இலங்கைக் கோபுரத்தின் சிக்னலைப் போன் சில சமயம் பிடித்துக்கொள்ளும். டிரைவரைக் கட்டத் தேவையான கெர்னல் ஹெடர்கள், கம்பைலர் எல்லாம் இறக்கும்போது நூறு எம்பியைத் தாண்டிப் போகலாம்; அதை வெளிநாட்டுக் கணக்கில் இறக்குவானேன்.

பிராட்காம் கார்டு. படாத பாடு படுத்துகிறது. என்ன செய்வது?

இதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. பிராட்காம் வெகுகாலம் லினக்ஸுக்குத் திறந்த டிரைவரோ சில்லின் விவரக்குறிப்போ தரவில்லை. ஆர்வலர்கள் கார்டின் நடத்தையைத் தலைகீழாக ஆராய்ந்து பி43 என்ற டிரைவரை எழுதினார்கள். 2008 தொடக்கத்தில் கெர்னல் 2.6.24-உடன் அது உள்ளே வந்தது. கம்பெனி தன் பங்குக்கு டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவரைக் கொடுத்தது. 2010 செப்டம்பரில் திறந்த டிரைவர் ஒன்றையும் வெளியிட்டது. அதுதான் இன்று பிஆர்சிஎம்எஸ்மேக். ஆக, ஒரே கம்பெனி கார்டுக்கு மூன்று நான்கு டிரைவர்கள். எந்தக் கார்டுக்கு எது என்று தெரியாமல் போட்டால் ஒன்றும் நடக்காது.

மிகப் பழைய 4301, 4306-இன் இரண்டாம் திருத்தம்: பி43லெகசி.

4311, 4318, 4312 வகை: பி43. இதற்கு ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற தொகுப்பு வேண்டும். பிராட்காமின் ஃபர்ம்வேரை மற்றவர்கள் பகிர அனுமதி இல்லாததால், கோப்பு தொகுப்புக்குள் இருக்காது. இன்ஸ்டாலர் கம்பெனியின் பழைய டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி, அதற்குள்ளிருந்து வெட்டி எடுக்கும். எனவே நிறுவும் நேரத்தில் இணைய இணைப்பு இருந்தே ஆக வேண்டும். தொகுப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால் பயன் இல்லை. 14இ4:4315 என்ற எண் இருந்தால் அது குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்பி வகை. பி43-இலும் வரும், டபிள்யூஎல்-இலும் வரும். பி43-இல் டிஎம்ஏ எர்ரர் என்று குறிப்பேட்டில் வந்துகொண்டே இருந்தால் பிஐஓ=1 என்ற ஆப்ஷனைக் கொடுத்துப் பாருங்கள்; வேகம் குறையும், அறுந்துபோகாது.

14இ4:4727 என்றால் 4313. பிஆர்சிஎம்எஸ்மேக் போதும், ஃபர்ம்வேர்-பிஆர்சிஎம்80211 தொகுப்பைச் சேர்த்தால் சரி.

14இ4:4365 என்றால் 43142. இதற்குக் கெர்னலுக்குள் டிரைவர் இல்லை, டபிள்யூஎல் ஒன்றே வழி. டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ், உபுண்டுவில் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ்.

என் யோசனை: கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர் சுமாராக ஓடினாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூஎல்லுக்குக் கம்பெனியிடமிருந்து 2015-க்குப் பிறகு புதிய பதிப்பு வரவில்லை. கெர்னல் மாற மாற விநியோகங்களைப் பராமரிப்பவர்கள் ஒட்டுப் போட்டுத்தான் அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு டிரைவரும் நிறுவிவிட்டேன். ஒன்றும் ஓடவில்லை.

ஒரே கார்டைப் பிடிக்க இரண்டும் அடித்துக்கொள்கின்றன. யார் முதலில் வருகிறாரோ அவர் கையில் கார்டு. மற்றவர் வெளியே நிற்பார். வேண்டாததைத் தடுக்க, ஈடிசி அடைவுக்குள் மோட்புரோப்.டி என்ற அடைவில் எந்தப் பெயரிலாவது .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு உருவாக்கி, பிளாக்லிஸ்ட் என்று எழுதி இடைவெளி விட்டு மாட்யூலின் (தனியாக ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் கோப்பின்) பெயரை எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு மாட்யூல்.

டபிள்யூஎல் வேண்டுமென்றால் பி43-ஐ மட்டும் தடுத்தால் போதாது. அதன் அடியில் கார்டைப் பிடித்து வைத்திருக்கும் எஸ்எஸ்பி, பிசிஎம்ஏ இரண்டையும் தடுக்க வேண்டும். டபிள்யூஎல் தொகுப்பு பெரும்பாலும் இந்தத் தடையைத் தானே எழுதிவிடும். தொல்லை எங்கே என்றால், பின்னாளில் டபிள்யூஎல்லை நீக்கிவிட்டுப் பி43-க்குத் திரும்பும்போது அந்தத் தடைக்கோப்பு சில சமயம் அங்கேயே கிடக்கும். கிரெப் -ஆர் பிளாக்லிஸ்ட் என்று தட்டி, அந்த அடைவின் பெயரையும் கொடுத்தால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிவிடும்.

கோப்பை மாற்றிய பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஓட்டி, மெஷினை மறுபடி ஆன் செய்யுங்கள். இதைத் தவறவிட்டால், தொடக்கத்தில் ஏறும் பழைய பிரதியில் உங்கள் மாற்றம் இருக்காது.

கெர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை போய்விட்டது. நேற்று வரை இருந்ததே?

டபிள்யூஎல் போல வெளியிலிருந்து வரும் டிரைவர்களை ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும். டிகேஎம்எஸ் அதைத் தானாகச் செய்யும், ஆனால் அந்தக் கெர்னலின் ஹெடர் தொகுப்பு இருந்தால்தான். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதுத் தொகுப்பை நிறுவி வைத்தால், கெர்னல் ஏறும்போதெல்லாம் ஹெடரும் கூடவே ஏறும். உபுண்டுவில் கடைசிச் சொல் ஜெனரிக். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று தட்டினால் எந்தக் கெர்னலுக்குக் கட்டியிருக்கிறது என்று சொல்லும்.

அவசரத்துக்கு: மெஷின் ஆன் ஆகும்போது கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை வந்துவிடும், அதை வைத்தே ஹெடரை இறக்கலாம்.

கட்டியும் ஏறவில்லை, 'கீ ரிஜெக்டட்' மாதிரி ஏதோ வருகிறது என்றால், பயாஸில் செக்யூர் பூட் ஆனாகி இருக்கிறது. கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. ஒன்று எம்ஓகே என்ற உங்கள் சொந்தக் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யுங்கள், இல்லை செக்யூர் பூட்டை அணையுங்கள். படிக்கும் பிள்ளை வீட்டில் வைத்துக்கொள்ளும் பழைய லேப்டாப்புக்கு நான் அணைத்துவிடத்தான் சொல்வேன்.

இன்டெல் கார்டுக்கு?

பிரச்சினை குறைவு. 3945, 4965 இரண்டும் பழைய ஐடபிள்யூஎல்3945, ஐடபிள்யூஎல்4965 டிரைவர்களில் ஓடும். அதற்குப் பிந்தையவை ஐடபிள்யூஎல்வைஃபை. எல்லாவற்றுக்கும் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை தொகுப்பு. அதற்கும் முந்தைய 2100, 2200 வகைக்கு ஐபிடபிள்யூ2எக்ஸ்00.

சிக்னல் முழுசாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை, அறுந்து அறுந்து வருகிறது என்றால் ஒரு சோதனை: மோட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பில் ஆப்ஷன்ஸ் ஐடபிள்யூஎல்வைஃபை 11என்_டிசேபிள்=1 என்று ஒரு வரி எழுதுங்கள். 'என்' (802.11என்) வகை வைஃபையை அது அணைத்துவிடும். அதிகபட்ச வேகம் ஏட்டில் 54 எம்பிபிஎஸ்ஸாக இறங்கும். வீட்டு இணைப்பே மெதுவானதுதான் என்றால் பெரிய இழப்பில்லை. 1-க்குப் பதில் 8 போட்டால் என் வகை அப்படியே இருக்கும், அனுப்பும்போது தரவுப் பொட்டலங்களை ஒன்றாகக் கோர்த்து அனுப்புவது மட்டும் ஆனாகும். முதலில் 8, சரியாகவில்லை என்றால் 1.

அத்ரோஸ்?

கொடுத்துவைத்தவர் நீங்கள். ஏடிஎச்5கே, ஏடிஎச்9கே இரண்டும் கெர்னலிலேயே இருக்கின்றன, உள்ளே பொருத்தும் கார்டுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டாம். யூஎஸ்பி டாங்கிளில் வரும் ஏஆர்9271 போன்றவற்றுக்கு மட்டும் ஒரு கோப்பு தேவை.

ரியல்டெக் கார்டு. ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிக்னல் வருகிறது.

எல்எஸ்பிசிஐ-இல் 8723பிஇ என்று இருக்கிறதா? அந்தக் கார்டில் ஆன்டெனாவுக்கு இரண்டு இணைப்பு இடம் உண்டு. சில லேப்டாப்புகளில் செலவைக் குறைக்க ஒரே ஒரு ஒயரை மட்டும் இணைத்திருப்பார்கள், டிரைவர் மற்ற இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். சோதிக்க:

மோட்புரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ என்று மாட்யூலை இறக்குங்கள். அப்புறம் மோட்புரோப் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2 என்று ஏற்றுங்கள். சிக்னல் துள்ளி எழுந்தால் சரி. இல்லாவிட்டால் 2-க்குப் பதில் 1. எது வேலை செய்கிறதோ அதை ஆப்ஷன்ஸ் வரியாக மோட்புரோப்.டி-யில் எழுதிவிடுங்கள்.

கடையில் வாங்கும் சின்ன யூஎஸ்பி டாங்கிள்கள் பல 8188 வகை. 8188சியூஎஸ் என்றால் ஆர்டிஎல்8192சியூ, ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ இரண்டுமே அதைப் பிடிக்கும்; ஒன்று தகராறு செய்தால் அதைத் தடுத்து மற்றதை விடுங்கள். 8188இயூ-க்குப் புதிய 6-வரிசைக் கெர்னல்களில் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ போதும். யாரோ பதிவேற்றிய மூலநிரலை இறக்கிக் கட்டும் காலம் போய்விட்டது.

டாங்கிளைச் செருகியதும் அது சிடி டிரைவாகத் தெரிந்தால், அதற்குள் விண்டோஸ் டிரைவரை வைத்து விற்றிருக்கிறார்கள். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் தொகுப்பு இருந்தால் தானாக வைஃபையாக மாறிவிடும்.

பெயர்ப் பட்டியல் வருகிறது, கடவுச்சொல் கொடுத்தும் இணையவில்லை என்றால் இன்னொன்றும் பாருங்கள். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர், வைஃபையைத் தேடும்போது கார்டின் அடையாளமான மேக் முகவரியை மாற்றி மாற்றிப் போடும். பழைய டாங்கிள்கள் சிலவற்றுக்கு அது ஒத்துவராது. நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, [டிவைஸ்] என்ற தலைப்பின் கீழ் வைஃபை.ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ்=நோ என்று எழுதுங்கள்.

போனில் எங்கள் வைஃபை தெரிகிறது. லேப்டாப்பில் அடுத்த வீட்டுக்காரர் வைஃபை எல்லாம் தெரிகிறது, எங்களுடையது மட்டும் இல்லை. ஏன் காக்கா?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வரும் கேள்வி; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். கார்டு வேலை செய்கிறது, டிரைவர் வேலை செய்கிறது. கார்டுக்கு அந்தச் சேனல் காதில் விழவில்லை. காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்புகிறது. பி, ஜி வகைப் பழைய கார்டுகளுக்கும் என் வகையில் பலவற்றுக்கும் 2.4 மட்டுமே தெரியும். ரூட்டரில் 2.4-ஐயும் ஆன் செய்யுங்கள்.

இரண்டாவது, ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம், அமெரிக்காவுக்கென்று செய்த கார்டுகளில் 11 வரைதான். வெளிநாட்டிலிருந்து வந்த லேப்டாப்பில் அப்படிப்பட்ட கார்டு இருக்கலாம். ஐடபிள்யூ ரெக் கெட் என்று தட்டினால் எந்த நாட்டு விதியில் ஓடுகிறது என்று தெரியும். ஐடபிள்யூ ரெக் செட் என்று போட்டு இந்தியாவின் இரண்டெழுத்துக் குறியான ஐஎன்-ஐப் பெரிய எழுத்தில் கொடுக்கலாம். ஆனால் அத்ரோஸ் போன்ற கார்டுகளில் நாட்டு விதி கார்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வெளியிலிருந்து நாம் அதை இறுக்கலாமே தவிர, தளர்த்த முடியாது. எனவே சுலபமான வழி ரூட்டர் பக்கம்தான்: ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 இதில் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள்.

பெயர் தெரிந்தும் இணையாவிட்டால் காரணம் வேறு: ரூட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பூட்டு முறையில் மட்டும் இருக்கலாம். பழைய கார்டுக்கு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் போதும். அதற்கும் பழைய டபிள்யூஇபி-க்கு இறக்காதீர்கள், அது பூட்டே இல்லாததற்குச் சமம்.

ஆர்எஃப்கில் லிஸ்டில் ஹார்டு பிளாக்டு: யெஸ் என்று வருகிறது.

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்பது ரேடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் கட்டளை. சாஃப்ட் என்று வந்தால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை போதும். ஹார்டு என்றால் கட்டளைக்குக் கட்டுப்படாது. லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், எஃப்என் சாவியோடு சேர்த்து அழுத்தும் ஆன்டெனாப் படம் போட்ட சாவி இருக்கிறதா பாருங்கள். ஸ்விட்சே இல்லாத லெனோவா ஐடியாபேடில் இப்படி வந்தால் ஐடியாபேட்_லேப்டாப் என்ற மாட்யூல் தப்பாகப் படிக்கிறது என்று சந்தேகப்படலாம். மோட்புரோப் -ஆர் கொடுத்து அதை இறக்கிப் பாருங்கள். சரியானால் பிளாக்லிஸ்டில் சேருங்கள்.

ஐந்து நிமிடம் சும்மா விட்டால் இணைப்பு அறுந்துபோகிறது.

மின்சாரச் சேமிப்பு. ஐடபிள்யூ டெவ் என்று தட்டி இணைப்பின் பெயரைப் பாருங்கள். டபிள்யூஎல் என்று தொடங்கும். பிறகு ஐடபிள்யூ டெவ், அந்தப் பெயர், செட் பவர்_சேவ் ஆஃப். அறுவது நின்றால் நெட்வொர்க்மேனேஜர் கான்ஃப்.டி-யில் வைஃபை.பவர்சேவ் மதிப்பை 3-லிருந்து 2-ஆக மாற்றி நிரந்தரமாக்குங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறது, ஆனாலும் சிக்னல் ஒரு கோடுதான். விண்டோஸிலும் அப்படித்தான்.

விண்டோஸிலும் அப்படியென்றால் டிரைவரை விட்டுவிடுங்கள். நம் ஊர் உப்புக்காற்றைப் பாருங்கள். மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் மாதிரி இடங்களில் ஜன்னலோரம் வைத்த லேப்டாப்பைத் திறந்தால் ஸ்க்ரூ தலைகளே துருவேறியிருக்கும். வைஃபை கார்டில் ஆன்டெனா ஒயர் மாட்டும் இரண்டு பொத்தான்கள் மிகச் சின்னவை. அங்கே பச்சை பூத்தால் சிக்னல் போய்விடும். கார்டின் தங்கமுலாம் பூசிய விளிம்பும் ஸ்லாட்டில் சரியாகப் பதியாமல் போகலாம். அப்போது எல்எஸ்பிசிஐ-இல் கார்டு ஒருநாள் வரும், ஒருநாள் வராது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் விளிம்பையும் பொத்தானையும் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். பொத்தானை நேராக மேலிருந்து அழுத்த வேண்டும்; சாய்த்தால் உடையும், உடைந்தால் கார்டையே மாற்ற வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் லேப்டாப்பை வேலை முடிந்ததும் பைக்குள் வைத்து மூடுங்கள்.

கார்டையே மாற்றிவிடலாமா?

43142 போன்ற கார்டோடு மல்லுக்கட்டுகிறவருக்கு நான் சொல்லும் முதல் யோசனையே அதுதான். பழைய லேப்டாப்பில் இருப்பது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். அதற்கு ஏடிஎச்9கே-யில் ஓடும் பழைய அத்ரோஸ் கார்டு, ஏஆர்9285 அல்லது ஏஆர்9280, பயன்படுத்தியதாகவே மலிவாகக் கிடைக்கும். கார்டு முழு நீளமா பாதி நீளமா என்று அளந்து வாங்குங்கள். புதிய லேப்டாப்புகளில் வரும் எம்.2 கார்டு இதில் பொருந்தாது.

வாங்குமுன் ஒன்று: எச்பி, லெனோவா திங்க்பேட் பழைய மாடல்கள் சிலவற்றில் பயாஸ் தன் பட்டியலில் உள்ள கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காது, ஆன் செய்ததும் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். அப்படியென்றால் யூஎஸ்பி டாங்கிள்தான். அதை ஒரு நீட்டிப்புக் கேபிளில் மாட்டி உயரத்தில் தொங்கவிட்டால் சிக்னலும் கூடும்.

என்டிஐஎஸ்ராப்பர் போட்டால் விண்டோஸ் டிரைவரே ஓடுமாமே?

ஒரு காலத்தில் வேறு வழி இல்லாதபோது ஓட்டினார்கள். இப்போது வேண்டாம்.

என்னுடையது 32-பிட் மெஷின். பக்கவாட்டில் செருகும் பழைய பிசிஎம்சிஐஏ கார்டு.

டெபியன் 12-இல் நில்லுங்கள். 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32-பிட் இன்டெல் மெஷினுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. அதோடு ஆரினோகோ, ஏரோனெட் போன்ற பிசிஎம்சிஐஏ காலத்து டிரைவர்களை 2024-இல் வந்த கெர்னல்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெபியன் 12-இன் 6.1 கெர்னலில் அவை இருக்கின்றன.

கெர்னலை நானே கம்பைல் செய்து பார்க்க ஆசை. வைஃபைக்கு என்னென்ன தேர்ந்தெடுக்க வேண்டும்?

வைஃபைக்காக இது தேவையே இல்லை. கற்றுக்கொள்ள என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி.

பூட் அடைவில் கான்ஃபிக் என்று தொடங்கும் கோப்பு, இப்போது ஓடும் கெர்னலின் அமைப்பு. அதைப் பிரதி எடுத்து .கான்ஃபிக் என்று மூலநிரல் அடைவில் வைத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் (ஓல்ட், டெஃப், கான்ஃபிக் மூன்றும் சேர்த்து) ஓட்டித் தொடங்குங்கள். வெறுமையிலிருந்து தொடங்கினால் எதையாவது விட்டுவிடுவீர்கள். பிறகு மேக் மெனுகான்ஃபிக். நெட்வொர்க்கிங் சப்போர்ட்டுக்குள் வயர்லெஸ் பகுதியில் சிஎஃப்ஜி80211, மேக்80211 இரண்டும் இருக்க வேண்டும். டிவைஸ் டிரைவர்ஸ், நெட்வொர்க் டிவைஸ் சப்போர்ட், வயர்லெஸ் லேன் என்று இறங்கினால் கம்பெனி வாரியாகப் பட்டியல் வரும். பி43 வேண்டுமென்றால் சானிக்ஸ் சிலிகான் பேக்பிளேன் என்ற எஸ்எஸ்பி பகுதியையும் பாருங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒய் அல்லது எம் கேட்கும். வைஃபை டிரைவருக்கு எம் போடுங்கள். ஒய் போட்டால் டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வன்தட்டு மவுன்ட் ஆவதற்கு முன்பே விழித்துக்கொண்டு ஃபர்ம்வேரைத் தேடும். அந்த நேரத்தில் கோப்பு எட்டாது. எம் போட்டால் மாட்யூல் பிறகு நிதானமாக ஏறும், ஆப்ஷன் மாற்றிச் சோதிக்கவும் வசதி.

நேரம் மிச்சப்படுத்த மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் பயன்படுத்துவோர் உண்டு. அந்த நொடியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் அது வைத்துக்கொள்ளும். அதை ஓட்டுமுன் டாங்கிளைச் செருகி, போனை டெதரிங்கில் இணைத்து, பென் டிரைவையும் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய கெர்னலில் அவை எதுவும் இருக்காது. பழைய கெர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை. உதவி கேட்கும்போது என்னென்ன அனுப்ப வேண்டும்?

யூநேம் -ஆர், எல்எஸ்பிசிஐ -என்என்கே அல்லது எல்எஸ்யூஎஸ்பி, ஆர்எஃப்கில் லிஸ்ட், டிமெஸ்ஜி-யில் டிரைவர் பெயர் வரும் வரிகள், மோட்புரோப்.டி அடைவில் நீங்கள் எழுதிய கோப்புகள். இவற்றை எழுத்தாக அனுப்புங்கள். திரையைச் சாய்வாகப் படம் பிடித்து, அதில் டியூப்லைட் வெளிச்சமும் விழுந்திருந்தால் 3 எது 8 எது என்று யாருக்கும் தெரியாது. கட்டளைக்குப் பின்னால் > குறி போட்டு ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால் வெளியீடு அந்தக் கோப்பில் விழும். அதை யூஎஸ்பி வழியாகப் போனுக்கு மாற்றி அனுப்பிவிடலாம்.